லேயர் பண்ணை தொடங்கும் முன்: ஒரு முட்டைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 5 ரூபாய் என்று செய்தி வந்த மறுநாள் எனக்கு இரண்டு போனாவது வரும். சொந்தக்காரர், பழைய கிளாஸ்மேட், துபாயிலிருந்து ஊர் திரும்ப யோசிக்கிறவர் என்று யாராவது கூப்பிடுவார்கள். எல்லாரும் போடும் கணக்கு ஒன்றுதான்: ஒரு கோழி வருஷத்துக்கு 300 முட்டை, பத்தாயிரம் கோழிக்கு 30 லட்சம் முட்டை, 5 ரூபாய் வீதம் ஒன்றரைக் கோடி. பெருக்கல் சரிதான். கழித்தலைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

நாங்கள் நாமக்கல் பக்கம் பத்தாயிரம் லேயர் கோழி, அதாவது முட்டைக்கோழி, வைத்திருக்கிறோம். இந்த ஊரில் அது சின்னப் பண்ணை. லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்கள் நடுவில் நானும் பண்ணைக்காரன் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் சின்னப் பண்ணையில் ஒரு வசதி உண்டு. பணம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பதை நாமே நின்று பார்க்கலாம். அந்த ஓட்டைகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் மாதிரிக்குத்தான். தீவன விலையும் கோழி விலையும் மாதத்துக்கு மாதம் மாறும். அன்றைய விலையைப் போட்டு நீங்களே ஒரு முறை பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

முதல் படி: எந்தக் கோழி என்று முடிவு செய்யுங்கள்

கறிக்கோழியும் முட்டைக்கோழியும் ஒரே தொழில் என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு.

பல்லடம், உடுமலை பக்கம் நடக்கும் கறிக்கோழித் தொழில் பெரும்பாலும் ஒப்பந்த முறை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, ஆள், கரண்ட், தண்ணீர், தரையில் விரிக்கும் தேங்காய் நார்த்தூள் உங்களுடையது. நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். கறி விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்குக் கூலிதான். முதலீடு குறைவு, விலை பயம் இல்லை. ஆனால் கூலியை நிர்ணயிப்பது நீங்கள் இல்லை, அடுத்த குஞ்சு எப்போது இறங்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. கொட்டகை காலியாகக் கிடக்கும் நாளுக்கும் வங்கி வட்டி ஓடும்.

நாட்டுக்கோழி என்றால் தேசிய கால்நடை இயக்கத்தில் தாய்க்கோழிப் பண்ணையோடு குஞ்சு பொரிப்பகமும் அமைக்க 50 சதவீத மானியம், அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய் வரை என்று ஒரு திட்டம் இருக்கிறது. அந்த மானியத்தை லேயர் பண்ணைக்கும் கிடைக்கும் என்று சொல்லித் தரகு கேட்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள்.

லேயர் என்றால் எல்லாம் உங்களுடையது. குஞ்சும் தீவனமும் விலையும் லாபமும், நஷ்டமும். மீதிக் கட்டுரை லேயரைப் பற்றித்தான்.

இரண்டாம் படி: ஒரு முட்டையின் அடக்க விலை

கொட்டகைக்கு வானம் தோண்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் வயதுக் குஞ்சு 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது முட்டைக்கு வரும் 18 வாரம் வரை சுமார் ஆறரைக் கிலோ தீவனம் தின்னும். கிலோ 27 ரூபாய் என்றால் 175 ரூபாய். தடுப்பூசி, சூடு கொடுக்கும் செலவு, கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து 50 ரூபாய். நடுவில் சாகும் குஞ்சுகளின் செலவையும் மீதியுள்ளவை தலையில் கட்டினால், முட்டை போடத் தயாரான ஒரு கோழி உங்கள் கூண்டில் நிற்கும்போது சுமார் 280 ரூபாய் செலவாகியிருக்கும். அதுவரை ஒரு பைசா வரவு கிடையாது.

19-ஆம் வாரத்திலிருந்து 72-ஆம் வாரம் வரை முட்டைக் காலம். நன்றாகப் பராமரித்தால் கோழிக்கு 310 முட்டை கிடைக்கும் என்று வைக்கலாம். நாளுக்கு சுமார் 110 கிராம் தீவனம். நடுவில் சாகும் கோழிகளையும் கழித்தால் கோழிக்கு 40 கிலோ. அதற்கு 1,080 ரூபாய். முட்டைக்காலம் முடிந்த கோழியைக் கறிக்கு விற்றால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், 110 ரூபாய் போல வரும்.

இப்போது 310-ஆல் வகுத்துப் பாருங்கள்.

தீவனம்: 3 ரூபாய் 48 காசு
கோழியை வளர்த்த செலவு, கறிக்கு விற்ற பணம் கழித்தபின்: 54 காசு
கூலி, கரண்ட், மருந்து, பழுதுபார்ப்பு: 30 காசு
கொட்டகைக்கும் கேஜுக்கும் வட்டி, தேய்மானம்: 30 காசு

மொத்தம் 4 ரூபாய் 62 காசு. இதில் முக்கால் பங்கு தீவனம் என்பதைக் கவனியுங்கள். கோழிப் பண்ணை வைக்கிறோம் என்று சொல்கிறோம். உண்மையில் மக்காச்சோளத்தையும் சோயாவையும் முட்டையாக மாற்றி விற்கும் தொழில்தான் இது.

தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்கு 15 காசு ஏறும். மக்காச்சோளம் மட்டும் ஒரு ரூபாய் ஏறினால் 8 காசு. எட்டுக் காசுதானே என்று தோன்றும். பத்தாயிரம் கோழியின் 31 லட்சம் முட்டைக்கு அது இரண்டரை லட்சம் ரூபாய். இந்தத் தொழிலில் ரூபாயில் யோசிக்கிறவன் தோற்பான், காசில் யோசிக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். அவர் சொன்னபோது கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

மூன்றாம் படி: 5 ரூபாய் என்றால் 5 ரூபாய் இல்லை

பேப்பரில் வரும் விலையை அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. எல்லாரும் என்.இ.சி.சி. என்றுதான் சொல்வோம். 1982-இல் கோழிப்பண்ணைத் தொழிலின் முன்னோடி பி.வி. ராவ் முன்னின்று தொடங்கியது. அதற்கு முன் விலையை வியாபாரிகள்தான் சொன்னார்கள், பண்ணைக்காரர் தலையாட்டினார். 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பதுதான் அந்த இயக்கத்தின் கோஷம். நாமக்கல், ஹைதராபாத், அரியானாவின் பர்வாலா, விஜயவாடா என்று மண்டலம் மண்டலமாக விலை வரும். கேரளத்துக்கும் பெங்களூருவுக்கும் நம் முட்டை போகிறது. அங்கே மற்ற மண்டல முட்டையும் வரும். ஆகையால் ஹைதராபாத் விலையோ கர்நாடகத்தின் ஹொஸ்பேட் விலையோ இறங்கினால் நம் விலை தனியாக நிற்காது.

இந்த அறிவிப்பு ஒரு பரிந்துரை விலை. சட்டம் இல்லை. அதனால்தான் மைனஸ் என்று ஒன்று வந்தது. அறிவித்த விலையிலிருந்து இத்தனை காசு குறைத்துத்தான் எடுப்பேன் என்று வியாபாரி சொல்வதுதான் மைனஸ். முட்டை தேங்கியிருந்தால் மைனஸ் பெருகும், தட்டுப்பாடு என்றால் சுருங்கும். அறிவிப்பு 5 ரூபாய், மைனஸ் 40 காசு என்றால் உங்கள் கைக்கு 4 ரூபாய் 60 காசு.

மேலே போட்ட அடக்க விலையைத் திரும்பிப் பாருங்கள். 4 ரூபாய் 62 காசு. ஒன்றரைக் கோடி ரூபாய் வியாபாரம் நடக்கிறது, முட்டைக்கு இரண்டு காசு கையிலிருந்து போகிறது. போன் செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் தொழில் ரகசியத்தை மறைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் யார் பிழைக்கிறார்கள்? அடக்க விலையை 20 காசு, 30 காசு கீழே வைத்திருப்பவர்களும், விலை ஏறும் மாதத்தில் கூண்டு நிறைய இளங்கோழி வைத்திருப்பவர்களும் பிழைக்கிறார்கள். விலைக்கு ஒரு பருவம் உண்டு. புரட்டாசியில் தமிழ்நாட்டில் பாதி வீட்டில் முட்டை வாங்குவதில்லை. வட இந்தியாவில் சிராவண மாதத்திலும் நவராத்திரியிலும் இதே கதை. மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் சத்துணவுக்குப் போகும் முட்டை நிற்கும். வாரத்துக்கு 5 நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை போகும் மாநிலம் இது, அது நின்றால் சந்தையில் தெரியும். மார்கழி, தை குளிரில் வடக்கே தேவை ஏறும்போது விலையும் ஏறும். நடுவே சபரிமலைக்கு மாலை போடும் காலம் வேறு.

பருவத்துக்கு உட்படாத அடியும் உண்டு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லுக்கும் அதற்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இங்கே ஒரு கோழிக்கும் நோய் இல்லை, ஆனால் முட்டை வாங்க ஆள் இல்லை. 2020 தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி கிளம்பியது. அதற்கும் அதே அடி. அந்த மாதிரி இரண்டு மாதத்தைத் தாங்கும் பணம் தனியாக இருக்கிறதா என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

நான்காம் படி: எத்தனை கோழி, எவ்வளவு பணம்

ஆயிரம் கோழியில் லேயர் தொடங்கிப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். கேஜ் முறையில் அது சரிவராது. ஆயிரம் கோழி ஒரு நாளைக்கு 110 கிலோ தீவனம்தான் தின்னும், லாரி லோடாக மக்காச்சோளம் வாங்க முடியாது. மூட்டைக் கணக்கில் வாங்கினால் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதல். நாளைக்கு 850 முட்டைக்கு வியாபாரி வண்டி அனுப்ப மாட்டார். பக்கத்து ஊர்க் கடைகளுக்கு நீங்களே வண்டியில் கொண்டுபோய்ச் சில்லறை விலைக்குப் போடுவதாக இருந்தால் மட்டும் ஆயிரம், இரண்டாயிரம் கோழி கட்டுப்படியாகும். அப்போது நீங்கள் பாதிப் பண்ணைக்காரர், பாதி முட்டை வியாபாரி. தப்பில்லை, நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பத்தாயிரம் என்றால் பணம் இப்படிப் போகும். கொட்டகை, கேஜ், தண்ணீர்க் குழாய், தீவன அரவை எல்லாம் சேர்த்துக் கோழிக்கு 600 ரூபாய் வைத்தால் 60 லட்சம். குஞ்சு முட்டைக்கு வரும்வரை 28 லட்சம். அதன் பிறகும் முதல் மாதம் பொடி முட்டைதான் வரும், விலை கம்மி. ஆனால் தீவனம் தினமும் 1,100 கிலோ, அதாவது நாளைக்குக் கிட்டத்தட்ட 30 ஆயிரம் ரூபாய். இரண்டு மாதத் தீவனப் பணம் 18 லட்சம் கையில் வேண்டும். கூட்டினால் ஒரு கோடியைத் தாண்டும். நிலம் இதில் இல்லை.

வங்கிக்காரர் கொட்டகைக்குக் கடன் கொடுப்பார், அதைக் கண்ணால் பார்க்கலாம். தீவனத்துக்கான நடைமுறை மூலதனத்தைத்தான் இழுத்தடிப்பார். புதிதாக வந்து மூடிவிட்டுப் போன பண்ணைகளில் நான் பார்த்தவரை கொட்டகை கட்டப் பணம் இல்லாமல் யாரும் மூடவில்லை. கோழி 24 வாரத்தில் நன்றாக முட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது தீவனம் வாங்கக் காசு இல்லாமல்தான் மூடினார்கள். அந்த நேரத்தில் தீவனக் கடைக்காரர் கடன் கொடுப்பார். ஆனால் அந்த விலை வேறு.

முடிந்தால் பத்தாயிரத்தையும் ஒரே பேட்சாக இறக்காதீர்கள். ஒரே வயதுக் கோழி என்றால் நோய்க் கட்டுப்பாடு எளிது, உண்மைதான். ஆனால் எல்லாம் ஒன்றாக உச்சத்துக்கு வந்து ஒன்றாகக் கிழடாகும், அந்த உச்சம் புரட்டாசியில் வந்து விழுந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். ஒரு வளர்ப்புக் கொட்டகை, தள்ளித் தள்ளி இரண்டு முட்டைக் கொட்டகை என்று ஐந்தாயிரம் ஐந்தாயிரமாகச் சுழற்றினால் வரவு சீராக இருக்கும்.

ஐந்தாம் படி: இடம், அனுமதி, கொட்டகை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5,000 கோழிக்கு மேல் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். குடியிருப்பு, ஏரி, ஆறு, சாலை இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்ற விதியும் இருக்கிறது. நிலம் வாங்கும் முன் அந்தத் தூரத்தை அளந்துவிடுங்கள். ஊராட்சியில் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கட்டியவர்கள் ஈப் புகாரில் மாட்டிக்கொள்வார்கள். பத்தாயிரம் கோழி நாளைக்கு ஏறக்குறைய ஒரு டன் ஈர எரு போடும். அது காய்ந்தால் மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் தென்னைக்கும் விலைக்குப் போகும். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் ஒழுகும் தண்ணீர் பட்டு நனைந்தால் ஈயாகப் பெருகி ஊரையே உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும்.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், வெயில் பக்கவாட்டில் உள்ளே விழக்கூடாது. கேஜை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டினால் அடியில் காற்று ஓடும், எருவும் காயும். போர்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கட்டாதீர்கள். கோழி தீவனத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், சித்திரை வெயிலில் அதற்கும் மேல்.

ஆறாம் படி: குஞ்சும் வளர்ப்பும்

நாமக்கல்லில் பெரும்பாலும் பி.வி. 300 ரகம். வேறு ரகங்களும் கிடைக்கும். குஞ்சுக்கு முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். விலை நன்றாக இருக்கும்போது எல்லாரும் ஒன்றாகப் பதிவார்கள். அந்தக் குஞ்செல்லாம் ஐந்து மாதம் கழித்து ஒன்றாக முட்டை போட வரும்போது விலை இறங்கியிருக்கும். சந்தை மந்தமாக, பக்கத்துப் பண்ணைக்காரர் இந்த முறை வேண்டாம் என்று கொட்டகையைக் காலியாகப் போடும்போது குஞ்சு இறக்குகிறவர்தான் பெரும்பாலும் நல்ல விலைக்கு விற்கிறார். சொல்வது சுலபம். மந்தமான நேரத்தில் கையில் பணம் இருக்காது.

18 வாரம் வரை இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, தடுப்பூசி அட்டவணை. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட், கம்போரோ, அம்மை என்று ஒவ்வொரு நோய்க்கும் தடுப்பூசி வாரக் கணக்கில் வரும். நாமக்கல்லில் 1985-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இந்த மாவட்டத்துக்கு அது பெரிய பலம். பக்கத்தில் இருப்பவர்கள் இறந்த கோழியை எடுத்துக்கொண்டு போய் அறுத்துப் பார்க்கச் சொல்லலாம். மருந்துக்கடைக்காரர் சொல்லும் மருந்தைக் கொட்டுவதைவிட அது மலிவு.

இரண்டாவது, எடை. வாரம் ஒரு நாள் நூறு குஞ்சைத் தராசில் வைத்து எழுதுங்கள். எடை ஏற்றத்தாழ்வாக இருந்தால் அந்த பேட்ச் உச்சத்துக்கு ஒன்றாக ஏறாது. சிலது 19 வாரத்தில் போடும், சிலது 23-இல் தொடங்கும், தீவனம் மட்டும் எல்லாம் ஒரே மாதிரி தின்னும்.

ஏழாம் படி: தீவனம்

லாபம் இங்கேதான் இருக்கிறது, ஆகையால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லேயர் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். ஐந்தில் ஒரு பங்கு சோயாப் புண்ணாக்கு. பத்தில் ஒரு பங்குபோல் சுண்ணாம்புக்கல் குருணை அல்லது கிளிஞ்சல், முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்புதானே. மீதி எண்ணெய் எடுத்த தவிடு, தாதுக் கலவை, வைட்டமின். மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்தும் பீகாரிலிருந்தும், சோயா மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வருகிறது. தமிழ்நாட்டுச் சோளம் நமக்குப் போதாது. இப்போது எத்தனால் ஆலைகளும் சோளம் வாங்குகின்றன, நமக்குப் போட்டி வந்துவிட்டது. 2021-இல் சோயா விலை கட்டுக்கடங்காமல் போனபோது 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. மத்தியப் பிரதேசத்து இந்தூரில் மழை பெய்வதற்கும் நாமக்கல் பக்கத்து மோகனூரில் முட்டை அடக்க விலைக்கும் சம்பந்தம் உண்டு.

சோளம் வாங்கும்போது விலைக்கு முன் ஈரத்தைப் பாருங்கள். ஈரமானி இருந்தால் 12, 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இல்லையென்றால் லாரியின் நடுப்பகுதி மூட்டையைக் கீழே இறக்கச் சொல்லி முழங்கை வரை கையை விடுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். மாவாக நசுங்கினால் ஈரம். மணியின் முனையில் சாம்பல் பச்சை நிறம் தெரிந்தால் பூஞ்சை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு ஐப்பசி மாதம் கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு என்று ஒரு வியாபாரியிடம் 16 டன் சோளம் வாங்கினேன். மேல் மூட்டையை மட்டும் பிரித்துப் பார்த்தேன், மணி மணியாக இருந்தது. 32 ஆயிரம் மிச்சம் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். பத்தாவது நாள் முட்டை குறைய ஆரம்பித்தது. நாளைக்கு நூறு கோழிக்கு 91 முட்டை இருந்தது 78-க்கு வந்து நின்றது. கோழி சாகவில்லை, தீவனமும் தின்றது, முட்டை மட்டும் இல்லை. பரிசோதனைக்குக் கொடுத்தபோது பூஞ்சை நஞ்சு என்றார்கள். சோளத்தை மாற்றி, மருந்து கொடுத்து, பழைய நிலைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. 45 ஆயிரம் முட்டை போயிருக்கும், இரண்டு லட்சம் ரூபாய். சோளம் கொடுத்தவர் "ஏற்றும்போது நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றார். இருந்திருக்கலாம். இப்போது ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, முடிவு வந்த பிறகுதான் அரவைக்குப் போடுகிறேன்.

அடுத்த ஓட்டை, சிந்தல். எங்கள் பண்ணையில் பதினைந்து வருஷமாகத் தீவனம் அள்ளும் ஓர் அக்கா இருக்கிறார். நான் பொறுப்பெடுத்த புதிதில் ஒரு நாள் கூண்டுக்கு அடியில் எருவைக் குச்சியால் கிளறிக் காட்டினார். மஞ்சளாகச் சோளக் குருணை. "ஏனுங்க தம்பி, கோழி திங்கறது பாதி, பூமி திங்கறது பாதிங்க. தொட்டி நெறைய அள்ளிக் கொட்டச் சொன்னீங்கன்னா வேற என்ன பண்ணும்?" தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் கோழி அலகால் தள்ளி விளையாடும். அதன் பிறகு தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை, நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுகிறோம். அலகு நுனியை வெட்டிவிட்டது சரியாக இல்லாத பேட்சில் சிந்தல் இன்னும் அதிகம். கோழிக்கு 3 கிராம் சிந்தினால் பத்தாயிரத்துக்கு நாளைக்கு 30 கிலோ, 810 ரூபாய். வருஷத்துக்கு மூன்று லட்சம். எலி தின்பது தனிக் கணக்கு.

வெயில் காலத்தில் கோழி தீவனத்தைக் குறைத்து 95 கிராமுக்கு வந்துவிடும். செலவு மிச்சம் என்று சந்தோஷப்படாதீர்கள். முட்டை சின்னதாகும், ஓடு மெலிந்து ட்ரேயிலேயே கீறும். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் போடுங்கள். சுண்ணாம்புக் குருணையை சாயங்கால வேளையில் கொஞ்சம் கூடக் கொடுங்கள், ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில்தான். கூரை மேல் தண்ணீர் தெளிப்பான் போடுவதெல்லாம் அப்புறம். முதலில் தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் போடுங்கள், சூடான தண்ணீரைக் கோழி குடிக்காது.

எட்டாம் படி: விற்பனை

புதிதாக வருகிறவர் பெரும்பாலும் ஒரே வியாபாரிக்குக் கொடுப்பார். வண்டி வரும், ட்ரேயை ஏற்றும், பணம் ஒரு வாரம், பத்து நாள் கழித்து. குறைந்தது இரண்டு பேரிடமாவது கொடுத்துப் பழகுங்கள். ஒருவர் மைனஸைத் திடீரென்று பெருக்கினால் இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கவாவது வழி இருக்கும். விலை ஏறும் என்று முட்டையைப் பிடித்து வைக்கும் ஆசை வரும். கோடையில் சாதாரண அறையில் ஒரு வாரம் வைத்தால் எடையும் போகும், உடைத்தால் கரு பரந்து நிற்கும். அப்படி விற்ற முட்டைக்கு அடுத்த முறை அவரே மைனஸ் கூட்டுவார்.

உடைசல் முட்டையை எண்ணுங்கள். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போனால் கேஜ் சரிவு, ட்ரே, ஆளின் கை மூன்றில் ஒன்றில் தப்பு. வியாபாரி கொண்டுவரும் ட்ரே பத்துப் பண்ணைக்குப் போய் வந்தது, நோயும் அதில்தான் சவாரி செய்யும். பிளாஸ்டிக் ட்ரேயை மருந்துத் தண்ணீரில் முக்காமல் கொட்டகைக்குள் விடாதீர்கள். வண்டியையும் வாசலோடு நிறுத்துங்கள். டிரைவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

வளைகுடா ஏற்றுமதி பற்றிக் கேட்பார்கள். ஓமனுக்கும் கத்தாருக்கும் நாமக்கல் முட்டை போகிறது, 2023-இல் தட்டுப்பாடு வந்தபோது இலங்கையும் இந்திய முட்டையை இறக்குமதி செய்தது. ஆனால் எடை, மருந்து எச்சம், சான்றிதழ் என்று ஏகப்பட்ட நிபந்தனை. தொடக்கத்தில் நமக்கு அது தேவையில்லை. ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு நாடு பறவைக் காய்ச்சல் பயத்தில் கதவைச் சாத்தினால், அங்கே போக வேண்டிய முட்டை நம் சந்தைக்குத் திரும்பும். அன்றைக்கு மைனஸ் ஏறும்.

ஒன்பதாம் படி: கோழியை எப்போது கழிப்பது

72 வாரம் என்று புத்தகம் சொல்லும். நீங்கள் நோட்டைப் பாருங்கள். ஒரு கோழிக்கு ஒரு நாள் தீவனம் 2 ரூபாய் 97 காசு, கூலியும் கரண்டும் மருந்தும் 25 காசு, ஆக 3 ரூபாய் 22 காசு. கைக்கு வரும் விலை 4 ரூபாய் 60 காசு என்றால் நூறு கோழிக்கு 70 முட்டையாவது வர வேண்டும். அதற்குக் கீழே போனால் தினமும் கையிலிருந்து போகிறது. விலை 4 ரூபாய்க்கு இறங்கினால் 80 சதவீதம் போடும் கோழியே நஷ்டம். 5 ரூபாய் 50 காசு கிடைத்தால் 60 சதவீதம் போடும் கிழட்டுக் கோழியும் ஓடும். எல்லாரும் அப்போது வைத்துக்கொள்வதால் அடுத்த இரண்டு மாதத்தில் முட்டை தேங்குவதும் உண்டு.

கறிக்கு விற்கும் நாளையும் பார்த்து முடிவு செய்யுங்கள். விலை இறங்கியது என்று எல்லாரும் ஒரே வாரத்தில் கழித்தால் முட்டைக்கோழியின் கறி விலை கிலோவுக்குப் பத்து, இருபது ரூபாய் சறுக்கும். பத்தாயிரம் கோழி, 14 டன். கிலோவுக்குப் பத்து ரூபாய் என்றாலே ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். புரட்டாசி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் ஏற்றிவிட்டால் நல்லது. வண்டி ராத்திரியில் வரும், இருட்டில் பிடித்தால் கோழி பதறாது. தராசின் பக்கத்தில் நீங்களே நில்லுங்கள், கூடையின் எடையைக் கழிக்கும் முன் ஒரு காலிக் கூடையைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றி முடித்ததும் எருவை அள்ளி, கேஜைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மூன்று வாரமாவது கொட்டகையைக் காயப் போட வேண்டும். பக்கத்து வளர்ப்புக் கொட்டகையில் அடுத்த பேட்ச் அப்போது 15 வாரத்தில் நிற்க வேண்டும். அதாவது, அந்தக் குஞ்சுக்கு நீங்கள் முன்பணம் கட்டியிருக்க வேண்டிய நாள் போன பருவத்திலேயே போய்விட்டது.